நூலப்பனுக்கு ஞாபகம் வந்தது

திலகவதியின் கல்யாணச் சீரில் ஒரு பீரோ, ஒரு கட்டில், ஏழு பித்தளைப் பாத்திரம், அப்புறம் ஒரு தம்பி என்று சேவூரில் இன்றைக்கும் கேலி பேசுவார்கள். அம்மா இறந்து, அப்பா இரண்டாம் கல்யாணத்துக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஒன்பது வயதுச் சிவகுமாருக்கு அக்காவை விட்டால் போக்கிடம் இல்லை. மாப்பிள்ளை தசரதன் முகம் சுளித்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சுளித்திருப்பார்கள். அவரோ பையனை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து ஆரணிக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய் ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தார். தறிக்கு டிசைன் போட்டு முடித்த கிராப் தாள்களின் பின்பக்கத்தில் பையன் பூனையும் யானையுமாக வரைந்து தள்ளினான். அதற்குப் பிறகு அவர்களுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. யாராவது அதைப் பற்றி வாயெடுத்தால், எங்களுக்குத்தான் ஒருத்தன் இருக்கிறானே என்று தசரதன் பேச்சை முடித்துவிடுவார்.

அந்த ஒருத்தன் படித்தான், சென்னைக்குப் போனான், கார்ட்டூன் படம் எடுக்கிற கம்பெனியில் சேர்ந்தான், வடபழனியில் வீடு பிடித்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் சேவூருக்கு வந்து அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். தம்பி என்று சொன்னாலே திலகவதிக்கு முகம் மலரும். அவன் எது கேட்டாலும் அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது. அதில்தான் வந்தது வினை.

தசரதன் பட்டுத்தறி ஓட்டுகிறவர்தான் என்றாலும், ஊரில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாவு பிணைக்கிற கை. தறியில் நீளவாக்கில் கட்டின இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் மிச்ச நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொரு இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரம் ஐயாயிரம் இழை இருக்கும். எதிரே ஒருவர் உட்கார்ந்து இழையைப் பிரித்து நீட்ட, இவர் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு திருகு திருகுவார். அவ்வளவுதான், இழை ஒட்டிக்கொள்ளும். அவர் திருகியது அறுந்தது என்று யாரும் சொன்னதில்லை. எதிரே உட்கார்ந்து நீட்டுவது எப்போதும் திலகவதிதான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், முந்தின நாள் பிணைத்து முடித்த வீட்டுக்கே மறுபடியும் காலையில் போய், சாம்பலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரர் சரவணன் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். கூடச் சேர்ந்து தசரதனும் சிரித்தார். அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் அதே கதை. அதற்கடுத்து, பிறந்து வளர்ந்த ஊரில் பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் வெயிலில் நின்றார். வேலூரில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, இந்த வயதிலும் சிலருக்கு வரும், போன ஞாபகம் திரும்பாது, இருப்பதை இன்னும் கொஞ்ச நாள் பிடித்து வைக்கத்தான் மாத்திரை என்றார். திரும்பவே திரும்பாதா என்று திலகவதி கேட்டாள். டாக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். திரும்பாது என்று இரண்டாவது தடவையும் சொன்னார்.

மற்றதெல்லாம் போகட்டும், என்னை மட்டும் அவர் மறக்காமல் இருந்தால் போதும் என்று அவள் எல்லா சாமியிடமும் பேரம் பேசினாள். எந்த சாமியும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் வருஷத்தில் அதுவும் போனது. முதலில் வந்து வந்து போயிற்று. பிறகு வருவது குறைந்து போயிற்று. அவளை அம்மா என்பார், ஏங்க என்பார், வேலைக்குப் போன வீட்டின் எஜமானியிடம் பேசுகிற மரியாதையோடு தண்ணீர் கேட்பார். சாப்பாடு, குளியல், மருந்து எதுவும் அவளுக்குப் பாரமாக இல்லை. திலகா என்று ஒரு தடவை, தெரிந்து, கண்ணைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் போதும் என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை. அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து, அந்த ஆசையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் முன்பு பொங்கலுக்கு வந்த சிவகுமார், சென்னைக்குத் திரும்பாமல் பத்து நாள் தங்கினான். மாமாவைப் பற்றி ஒரு படம் எடுக்கப் போகிறேன் என்றான். கார்ட்டூனா என்று கேட்டாள். கார்ட்டூன்தான், ஆனால் இதுவரைக்கும் வந்த மாதிரி இருக்காது என்று ஆரம்பித்து, ஒரு மணி நேரம் பேசினான். கார்ட்டூன் படத்தில் மறதிக்காரன் என்றால் அவன் கோமாளி. மண்டையில் தேங்காய் விழுந்தால் எல்லாம் மறந்துபோகும், இன்னொரு தேங்காய் விழுந்தால் எல்லாம் ஞாபகம் வந்துவிடும். மனநோய் என்றால் அதைவிட மோசம். தலைமுடி சிலுப்பிக்கொண்டு நிற்கும், கண் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக உருளும், காரணமில்லாமல் சிரிப்பான், கடைசியில் அவன்தான் வில்லன். அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் தெருவில் ஒரு நோயாளியைப் பார்த்தால் கல்லைத்தான் எடுக்கும் என்று சொன்னபோது சிவகுமாருக்குக் கண் கலங்கியது.

"நான் எடுக்கிறதுல ஒரு பொய் கூட இருக்காது அக்கா. மாமா எப்பிடி கீறாரோ, நீ எப்பிடி பாத்துகினு கீறியோ, அப்பிடியே. டாக்டருங்களைக் கேட்டு கேட்டுதான் எழுதப் போறேன்."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? எவனோ மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பாள். கேட்டது அவள் வளர்த்த பிள்ளை. பத்து நாளும் அவன் கேட்கக் கேட்கச் சொன்னாள். மனசு விட்டுப் பேச மூன்று வருஷமாக ஆளில்லாதவளுக்கு அந்தப் பத்து நாளும் திருவிழாதான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மனநல வார்டில் ஒன்பது நாள் இருந்ததைச் சொன்னாள். தசரதனுக்கு அப்போது கோபம் தலைக்கேறி, கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி எறிந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஓர் இளைஞன், யாரோடும் பேசாதவன், தன் தட்டு வந்ததும் முதல் கவளத்தை எடுத்துத் தசரதனுக்கு ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவான். ஒன்பது நாளும் அப்படி. அவன் பேர்கூட இவளுக்குத் தெரியாது. சிவகுமார் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னாள். ஒரு காலையில் தசரதன் எழுந்து அவள் கழுத்தையே பார்த்தார். என் பொண்டாட்டி தாலி உன் கழுத்தில் எப்படி வந்தது, கழட்டு என்றார். நான்தான் அவள் என்று எவ்வளவோ சொன்னாள். அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது, திருடி என்று கத்தினார், அழுதார். கடைசியில் அவள் தாலியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். கட்டினவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, கழற்றினாள். அதைத் துண்டில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரி வரட்டும் என்று அவர் பகலெல்லாம் காவல் காத்தார். யார் வந்து பார்த்துவிடுவார்களோ என்று அவள் முந்தானையைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு இருந்தாள். சாயங்காலம் அவருக்குக் கொஞ்சம் தெளிந்தது. முடிச்சை அவிழ்த்து அவளிடம் நீட்டி, இதைக் கழட்டி வைத்துவிட்டு எங்கே போனாய் திலகா என்று அவளையே திட்டினார். அன்றைக்குத்தான் அவர் கடைசியாக அவளைத் திலகா என்று கூப்பிட்டது.

"இதை வெளிய சொல்லிடாதடா" என்றாள். "சீ, உனக்குத் தெரியாதா என்னை" என்றான் சிவகுமார்.

தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள்.

இந்தக் கோடை விடுமுறைக்குப் படம் வந்தது. ஆரணியில் ஒரு தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. நம்மூர்ப் பையன் எடுத்த படம் என்று சேவூரே கிளம்பிப் போயிற்று. சிவகுமார் டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருந்தான். திலகவதி தசரதனுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளையும் அவள் பேரப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போனாள்.

திரையில் ஒரு நெசவுக்காரர் வந்தார். பேர் நூலப்பன். வெண்டைக்காய் மாதிரி மூக்கு, மூன்று முடி, தோளில் துண்டு, உச்சந்தலையில் ஒரு நூல் கண்டு. அவருக்கு ஏதாவது மறந்துபோகும்போதெல்லாம் அந்தக் கண்டு டொய்ங் என்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றும். முதல் டொய்ங்குக்கே தியேட்டர் கொல்லென்று சிரித்தது. பிணைத்து முடித்த வீட்டுக்கே மறுநாளும் போய் உட்கார்ந்தார், டொய்ங். பஸ் நிலையத்தில் எருமை மாட்டிடம் வழி கேட்டார், டொய்ங். விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு காற்றில் திருகினார். அது தசரதனின் திருகு. பெருவிரல் கொஞ்சம் பின்னால் வளைந்து, கடைசியில் ஒரு சின்ன உதறல். அதை இந்த ஊரில் யாரும் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். சொன்னார்கள். முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் பின்னால் திரும்பித் தசரதனைப் பார்த்தன.

அப்புறம் ஆஸ்பத்திரி வந்தது. கோணல் கதவு, கோணல் சன்னல், சுவரில் ஏறுகிறவன், தலையில் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு குரைக்கிறவன். நூலப்பனின் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கோரைப்பல் இருந்தது. நூலப்பன் தட்டில் இருந்த சோற்றை அவன் பிடுங்கித் தின்றான். தனக்கு வந்த முதல் கவளத்தை ஊட்டிய அந்தப் பிள்ளைக்கு இவன் கோரைப்பல் வைத்திருக்கிறானே என்று திலகவதிக்கு வயிறு எரிந்தது. தன் கதை என்பதுகூட அந்த நேரம் அவளுக்கு மறந்துபோயிற்று.

தாலி வந்தபோது ஞாபகம் வந்துவிட்டது. நூலப்பன் தன் பெண்டாட்டி செல்லம்மாவைத் திருடி திருடி என்று வீட்டைச் சுற்றித் துரத்தினார். அவள் கூரை மேல் ஏறினாள். அங்கிருந்தே தாலியைக் கழற்றி நீட்ட, அதை ஒரு காக்கா கொத்திக்கொண்டு போக, இரண்டு பேரும் காக்காவைத் துரத்தினார்கள். நாதஸ்வரமும் தவிலும் துரத்தலுக்குத் தகுந்தபடி ஓடின. பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்று சிரித்தன. திலகவதிக்குக் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பக்கத்தில் தசரதன் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாவம், அந்தப் பொம்பளைக்குப் பொறுமை ஜாஸ்திங்க" என்று அவளிடம் சொன்னார்.

கடைசிக் கால் மணி நேரம் மட்டும் படம் வேறு மாதிரி இருந்தது. செல்லம்மா தறிக்கு எதிரே போய் நிற்கிறாள். கத்தரியை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற பாவைக் குறுக்கே அறுக்கிறாள். நூலப்பனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்து, ஒவ்வோர் இழையாக நீட்டுகிறாள். அவர் திருகுகிறார். திருகின இழை பொன்னாக மின்னுகிறது. அந்த வெளிச்சம் இழை வழியே ஓட, அவர் அம்மா முகம் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, கல்யாணப் பந்தல் வருகிறது. கடைசி இழையைத் திருகினதும் தலையிலிருந்த கண்டு உருண்டு கீழே விழுகிறது. நூலப்பன் நிமிர்ந்து பார்த்து, செல்லம்மா என்கிறார். தியேட்டர் முழுக்கக் கைதட்டியது. அவமானத்தில் குறுகிப் போயிருந்த திலகவதியும் அந்த இடத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். விளக்கு போடுவதற்கு முன்னால், என் அக்காவுக்கும் மாமாவுக்கும் என்று எழுத்து வந்தது. கூடவே அவர்கள் இரண்டு பேரும் வாசலில் நிற்கிற போட்டோ. ஊரில் யாருக்காவது சந்தேகம் மிச்சமிருந்தால் அதையும் தம்பி தீர்த்துவைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து வாசலில் பிரியும்போது கன்னியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "தப்பா நெனச்சிக்காத. அந்தாளு உசுரோட கீறப்போ நெசமாவே கழட்டினியா?"

திலகவதி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் முதல் தெருப் பிள்ளைகள் தசரதனைப் பார்த்ததும் தலையில் விரலைச் சுற்றி டொய்ங் என்றன. நூலப்பா என்று கூப்பிட்டன. ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டு அவர் சிரித்துக் கையை ஆட்டினார். திருகு மறக்காத கையை நம்பி இன்னும் பாவு பிணைக்க வரச் சொல்லியிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் இப்போது அவசரமில்லை என்று ஆள் அனுப்பினார்கள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே என்று அவள் மனசு கொதித்தது. சிவகுமார் போன் செய்தபோது எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசிவிடுவோமோ என்று அவளுக்கே பயம்.

ஆனால் மனசு என்ற ஒன்று இருக்கிறதே, அதைப் போல வெட்கங்கெட்டது வேறு கிடையாது. மூன்றாம் நாளே அது அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தது. சிரிப்பு மூட்ட ஆயிரம் செய்திருப்பான், போகட்டும். அந்த இழை விஷயத்தை எங்கிருந்து எடுத்தான்? டாக்டர்களைக் கேட்டுக் கேட்டு எழுதுவேன் என்றானே. மாமாவுக்கு எல்லாம் மறந்தும் திருகு மட்டும் மறக்கவில்லை என்பதைப் பத்து நாள் கிட்ட இருந்து பார்த்தவன் அவன். அதில் ஏதோ இருக்கப்போய்த்தானே வைத்திருக்கிறான்? சென்னையில் புதிதாக என்னென்னவோ கண்டுபிடிக்கிறார்கள். வேலூர் டாக்டர் சொல்லி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இத்தனை செய்தவன்மேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. வளர்த்த கடனுக்கு அதையும் அவள் சுமந்துதான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து தெரு ஓய்ந்திருந்தபோது, திலகவதி கத்தரியை எடுத்தாள். அவள் தறியில் வியாபாரி கொடுத்த பாவு ஓடிக்கொண்டிருந்தது. மாம்பழ நிறம், பாதிச் சேலை நெய்தாகிவிட்டது. ஓடுகிற பாவுக்குப் பக்கத்தில் கத்தரியைக் கொண்டுபோகவே நெசவுக்காரர்கள் யோசிப்பார்கள். இத்தனை வருஷத்தில் அவள் கையால் ஓர் இழைகூட வேண்டுமென்று அறுந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சாண் அகலத்துக்கு அறுத்தாள். இறுக்கிக் கட்டின பட்டு சுரீரென்று இரண்டு பக்கமும் சுருண்டு போயிற்று. கத்தரியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தான் செய்தது இன்னதென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தசரதனைக் கூட்டி வந்து உட்கார வைத்தாள். அறுந்து கிடந்த பாவைப் பார்த்ததும் அவர் அடச்சே என்றார். கை தானாகச் சாம்பலைத் தேடியது. எதிரே உட்கார்ந்து அவள் இழையைப் பிரித்து நீட்டினாள். அவர் வாங்கித் திருகினார். படத்தில் அரை நிமிஷத்தில் முடிந்தது இங்கே மூன்று மணி நேரம் பிடித்தது. கணுக்கால் மரத்துப் போயிற்று. எந்த இழையும் மின்னவில்லை. ஆனால் அவர் முகம் தெளிந்து வருவது போல இருந்தது; உதட்டுக்குள் ஏதோ மெட்டு முனகினார்; பழைய நாளில் வேலை மும்முரத்தில் முனகுகிற மாதிரியே. முப்பது இழைதான் பாக்கி, இருபதுதான் பாக்கி என்று எண்ணினாள். எந்தச் சேலை கட்டியிருக்கிறோம் என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள், அழுக்குச் சேலை. நல்லதாகக் கட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

கடைசி இழையைத் திருகிவிட்டு, தசரதன் பாவின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவள் கண்ணை நேராகப் பார்த்தார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"வூட்டுக்காரங்க வந்தா சொல்லிடுங்கம்மா" என்றார். "இது தேஞ்சி அறுந்த இழை இல்ல. யாரோ கத்தரி வெச்சி அறுத்துகிறாங்க. தறியை யாரை நம்பியும் வுட்டுட்டுப் போவாதீங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றாள் திலகவதி.

"ஜல்தியா கெளம்பணும். வூட்ல அவ எனக்காகப் பாத்துகினு இருப்பா."

அவர் எழுந்து வாசலுக்குப் போய், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனாள். தெருமுனை வரை நடத்தி, பம்ப் செட்டைச் சுற்றித் திருப்பி, அதே வாசலுக்குக் கொண்டுவந்து, வீடு வந்துவிட்டது என்றாள். அவர் உள்ளே போய், அவள் எங்கே என்று சமையலறையில் தேடினார். இப்போது வந்துவிடுவாள் என்று சொல்லி, திலகவதி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அழுகை வரவில்லை. வேலூரில் டாக்டர் இரண்டு தடவை சொன்னதை அவள் ஐந்து வருஷமாக ஜீரணித்து வைத்திருந்தாள். அதைத் தம்பி கிளறிவிட்டான். ஒரே மத்தியானத்தில் அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி இழக்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவகுமார் வந்தான். ஆரணியில் ஒரு மண்டபத்தில் அவனுக்குப் பாராட்டு விழா. முடித்துக்கொண்டு கழுத்தில் பொன்னாடையோடு நேராக அக்கா வீட்டுக்கு வந்து, அதை மாமாவின் தோளில் போட்டான்.

"வாடா சிவா, எப்ப வந்த?" என்றார் தசரதன். முகமெல்லாம் சிரிப்பு. பேர் சொல்லிக் கூப்பிட்டார். கலர் பென்சில் இருக்கிறதா, வாங்க வேண்டுமா என்று கேட்டார். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்ற திலகவதிக்கு அந்தச் சொம்பைத் தம்பி தலையில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கவில்லை. அவனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். டொய்ங்கைக் கேட்டாள், கோரைப்பல்லைக் கேட்டாள், தாலியைக் கேட்டாள். கார்ட்டூனில் இப்படித்தான் காட்டுகிறார்கள் என்று என்னிடம் கண் கலங்கினவன் நீதானே, நீ மட்டும் என்ன காட்டிவிட்டாய் என்றாள். சிவகுமார் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு அவன் பக்கத்தைச் சொன்னான். முதலில் அவன் எழுதினது வேறு. கம்பெனியில் மூன்று தடவை திருப்பிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பார்க்கிற படம், பத்து நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு வேண்டும் என்றார்கள். முடிவு சோகமாக இருந்தால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள் என்றார்கள். படமே வராமல் போவதைவிடப் பாதியாவது வரட்டும் என்று விட்டுக்கொடுத்தான். அதுகூடப் பரவாயில்லை என்கிற மாதிரி, கடைசியில் அவன் சொன்னது இது.

"நெசத்துல மாமாவுக்குக் கெடைக்காதது படத்துலயாவது கெடைக்கட்டும்னு நெனச்சேன் அக்கா. அந்த முடிவை உனக்காகத்தான் வெச்சேன்."

"எந்த டாக்டர் சொன்னாரு அதை?"

அவன் விழித்தான். எந்த டாக்டரும் சொல்லவில்லை, அது கதைதானே என்றான்.

"ஊரு சிரிச்சதைக்கூட வுட்டுடறேன்டா" என்றாள். "உன் படத்தைப் பாத்துட்டு, ஓட்டிகினு இருந்த பாவை நான் அறுத்தேன். கத்தரி எடுத்து அறுத்தேன். மூணு மணி நேரம் எதிர்ல குந்திகினு ஒவ்வொண்ணா நீட்டினேன்."

சிவகுமார் விறைத்துப் போனான். அக்கா என்றான். ஓடுகிற பாவை அறுப்பது என்றால் என்ன என்று அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவன் கண் நிரம்பி வழிந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அவளுக்கு அது தெரியும். வளர்த்தவளாயிற்றே, அந்த நிமிஷத்தில் அவனை மன்னித்துவிடக்கூட அவள் தயாராகத்தான் இருந்தாள்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அப்புறம்? மாமா இன்னா சொன்னாரு?"

குரல் மெதுவாக, அன்பாகத்தான் இருந்தது. கண்ணும் இன்னும் ஈரம்தான். ஆனால் அவனுடைய ஆள்காட்டி விரல் முழங்காலின் மேல் வரைய ஆரம்பித்திருந்தது. ஒரு பலகை, ஒரு தறி, குனிந்த ஒரு தலை, எதிரே நீட்டின ஒரு கை. அவன் அதைக் கவனிக்கவில்லை. அது பாட்டுக்குப் பேண்ட் துணியில் கோடு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. திலகவதி அந்த விரலைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்ல. பிணைச்சாரு. எழுந்து போய்ட்டாரு."

விரல் நின்றது. சிவகுமார் தம்பிதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் முகத்தில் அப்போது தெரிந்தது ஏமாற்றம். அவ்வளவுதானா என்று கேட்டான். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, திலகவதி அவனுக்கு இலை போட எழுந்து போனாள்.